ஊசியா, தலையா, தட்டா? பழைய ரெக்கோட் பிளேயரைத் திருத்துவதற்கு முன்னர்

1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்தை விட்டு வெளியேறியபோது பெரியப்பா வீட்டில் ரெக்கோட் பிளேயரையும் இசைத்தட்டுகளையும் அப்படியே விட்டுவிட்டுத்தான் போனார்கள். அடுத்த வருடம் திரும்பி வந்தபோது கூரையின் ஒரு பக்கம் இல்லை. தட்டுகளில் பாதி இல்லை. பெரியம்மாவின் கலியாணத்துக்கு வாங்கிய நாதஸ்வர இசைத்தட்டு மட்டும் உறையோடு கிடைத்தது. பிளேயரும் தப்பியிருந்தது. பெரியம்மா இப்போது இல்லை.

போன வருடம் அந்தப் பிளேயரைத் துடைத்து மின்சாரம் கொடுத்தோம். தட்டு சுற்றியது. பரிசோதனைக்கு வைத்த ஒரு பழைய பாட்டு, கிணற்றுக்குள் இருந்து வருவது போலக் கேட்டது. திருத்துநர் ஒருவர் பார்த்துவிட்டு, “தலை போயிட்டுது, முழுசா மாத்துங்கோ” என்றார். அவர் சொன்னது சரியா என்று தேடியபோது அறிந்துகொண்டவைதான் இக்கட்டுரை. இதே போன்ற பெட்டி ஒன்று பரணில் கிடக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன.

தலைக்குள் என்ன இருக்கிறது

கையின் நுனியில் இருக்கும் சிறிய பெட்டியைத்தான் கார்ட்ரிட்ஜ் என்கிறார்கள். எங்கள் ஊரில் பலருக்கு அது ‘தலை’. தட்டின் பள்ளத்தில் ஓடும் ஊசியின் அதிர்வை அது மின்சாரமாக மாற்றுகிறது. மாற்றும் விதத்தைப் பொறுத்து மூன்று வகைகளை நாம் சந்திக்கலாம்.

முதலாவது, படிகம் அல்லது பீங்கான் வகை. பெட்டியோடு ஒலிபெருக்கியும் சேர்ந்து வந்த மலிவான பிளேயர்களில் பெரும்பாலும் இதுதான் இருக்கும். இது சில நூறு மில்லிவோல்ட் அல்லது அதற்கு மேலும் கொடுப்பதால் தனியான முன்பெருக்கி தேவைப்படாது.

இரண்டாவது, காந்தம் அசையும் வகை. ஊசித் தண்டின் பின்முனையில் ஒரு சிறு காந்தம் இருக்கும். கம்பிச் சுருள்கள் அசையாமல் உடலுக்குள் இருக்கும். இதில் ஊசிப் பகுதியை மட்டும் கையால் இழுத்துக் கழற்றி மாற்றலாம்.

மூன்றாவது, சுருள் அசையும் வகை. மயிரிழை போன்ற கம்பிச் சுருள் ஊசித் தண்டோடு சேர்ந்து அசையும். ஜப்பானின் பொது ஒலிபரப்பு நிறுவனத்துக்காக 1960களில் உருவாக்கப்பட்டு இன்றும் தயாரிக்கப்படும் டெனன் டிஎல்-103 இந்த வகை. இதன் ஊசியைப் பாவனையாளர் மாற்ற முடியாது.

பழுது உண்மையில் எங்கே?

தலையைக் குற்றம் சொல்வதற்கு முன் ஒரு எளிய சோதனை உண்டு. கார்ட்ரிட்ஜின் பின்னால் நான்கு நுண்ணிய வயர்கள் வரும். வழமையாக வெள்ளையும் நீலமும் இடது பக்கம். சிவப்பும் பச்சையும் வலது பக்கம். ஒரு பக்கம் மட்டும் கேட்கவில்லை என்றால், மின்சாரத்தை நிறுத்திவிட்டு இடது, வலது சோடிகளை ஒன்றுக்கொன்று மாற்றிச் செருகுங்கள். பழுது மறுபக்கத்துக்குத் தாவினால் கார்ட்ரிட்ஜில் கோளாறு. தாவாமல் அதே பக்கத்தில் நின்றால் வயரிலோ ஒலிபெருக்கியிலோ கோளாறு. புதிய தலை வாங்கியும் பயனில்லை. பல தடவைகளில், கறுத்துப்போன முனைகளைச் சுத்தம் செய்வதோடே வேலை முடிந்துவிடும்.

காந்தம் அசையும் வகையில் மல்ரிமீற்றர் கொண்டு சுருளையும் பார்க்கலாம். இரு பக்கமும் சில நூறு ஓமிலிருந்து ஆயிரத்துச் சில நூறு ஓம் வரை, ஏறத்தாழ ஒரே அளவில் காட்ட வேண்டும். ஒரு பக்கம் எதுவும் காட்டாவிட்டால் சுருள் அறுந்திருக்கிறது. சுருள் அசையும் வகையில் இந்தச் சோதனையைச் செய்ய வேண்டாம்; மீற்றரின் மின்னோட்டம் அந்த மெல்லிய சுருளைக் கெடுக்கக்கூடும். எந்த வகையானாலும் கார்ட்ரிட்ஜின் முனைகளில் நேரடியாக ஈயம் பற்றவைக்கக் கூடாது. அந்தச் சூட்டில் உள்ளிணைப்பு விட்டுப்போகும்.

ஊசிக்கும் வயது உண்டு

வைர ஊசிக்குப் பொதுவாக 500 முதல் 1000 மணித்தியாலங்கள் வரை ஆயுள் சொல்வார்கள். எல்பி தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ 20 நிமிடம் என்றால், 500 மணித்தியாலம் என்பது 1500 பக்கங்கள். நீலக்கல் ஊசி அதைவிட மிக விரைவில் தேய்ந்துவிடும். பழைய பெட்டிகளில் இருப்பது எந்தக் கல், எத்தனை வருடம் ஓடியது என்பது பெரும்பாலும் யாருக்கும் நினைவிருக்காது.

பத்து மடங்கு பெருப்பிக்கும் கைக்கண்ணாடியால் பார்த்தால் முனை இருக்கிறதா, தண்டு வளைந்திருக்கிறதா என்று தெரியும். தேய்மானம் தெரியாது. அதற்கு நுண்நோக்கி வேண்டும். தேய்ந்த ஊசியின் ஓரங்கள் உளி போலக் கூராகி, பள்ளத்தின் சுவரைச் சீவிக்கொண்டே போகும். ஊசியைப் பிறகும் வாங்கலாம். சீவப்பட்ட பள்ளத்தை எவராலும் நிரப்ப முடியாது.

ஓடாமல் சும்மா இருந்த ஊசியும் கெடும். தண்டைத் தாங்கும் இறப்பர் காலப்போக்கில் இறுகும், அல்லது தளர்ந்து உடல் தட்டில் உரசும். ஆகவே ‘பாவிக்காத பழைய சரக்கு’ என்று விற்கப்படுவதும் நல்லதாகவே இருக்கும் என்றில்லை.

பழைய 78 சுற்றுத் தட்டுகளுக்கும் எல்பிக்கும் ஊசி வேறு. 78இன் ஊசிமுனை எல்பி ஊசியைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு பருமன். பல பழைய பிளேயர்களில் சிறு கைபிடியைத் திருப்பி இரண்டையும் மாற்றிக்கொள்ளலாம். திருப்ப மறந்து 78 ஊசியை எல்பியில் வைத்தால் சேதம் நிச்சயம்.

எதைத் திருத்தலாம், எதை விடலாம்

காந்தம் அசையும் வகையில் சுருள் நலமாக இருந்தால் திருத்துவதே இலாபம். உடல் தேய்வதில்லை, ஊசியை மட்டும் வாங்கினால் போதும். அமெரிக்காவின் ஷுவர் நிறுவனம் 1964இல் வெளியிட்ட வி15 வரிசை இதற்கு நல்ல உதாரணம். அந்நிறுவனம் 2018இல் கார்ட்ரிட்ஜ் உற்பத்தியையே நிறுத்திவிட்டது. ஆனாலும், 1873இல் தையல் ஊசி செய்யும் தொழிலாகத் தொடங்கிய ஜப்பானின் ஜிகோ நிறுவனம் பழைய ஷுவர் தலைகள் பலவற்றுக்கு மாற்று ஊசி செய்கிறது. உடலில் அச்சிட்டிருக்கும் இலக்கத்தைப் படமெடுத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர் சட்டைப் பையில் கொண்டுவரக்கூடிய பொருள்தான் இது. சுருள் அறுந்திருந்தால் அந்தத் தலையை விட்டுவிடுங்கள்.

சுருள் அசையும் வகையில் புதிய முனை ஒட்டித் தரும் திருத்துநர்கள் வெளிநாடுகளில் இருக்கிறார்கள். அந்தக் கூலி பெரும்பாலும் புதிய சாதாரண கார்ட்ரிட்ஜ் ஒன்றின் விலையை எட்டும், தாண்டவும் செய்யும். தலை உயர்ந்த தரமானதாக இருந்தால் மட்டுமே அது பெறுமதி.

படிக வகையில் எங்கள் காலநிலையே எதிரி. அதற்குள் இருப்பது ரோஷெல் உப்பு. ஈரலிப்பை உறிஞ்சினால் கரையும். 55 பாகை செல்சியஸ் அளவில் சிதையும். ஓட்டுக் கூரையின் கீழ், பரணில், பல மாரிகளையும் கோடைகளையும் கழித்த படிகத் தலை உயிரோடு இருந்தால் ஆச்சரியம். அதைத் திருத்த முடியாது. பீங்கான் வகை இதைவிடத் தாக்குப்பிடிக்கும். ஊசியையோ உள்ளே இறுகிய இறப்பரையோ மாற்றினால் பேசக்கூடும்.

பீங்கானுக்குப் பதிலாகக் காந்தத் தலையைப் பூட்டிவிடலாமே என்று தோன்றும். அது சில மில்லிவோல்ட்தான் தரும். தனியான முன்பெருக்கி இல்லாமல் சத்தம் கேட்காது. பழைய பிளேயரின் கையும் பாரமானது. காந்தத் தலைகள் பலவும் ஒன்றரை முதல் மூன்று கிராம் வரையான அழுத்தத்தில் ஓட வேண்டியவை. பீங்கான் பெட்டிகளின் கை அதற்கு மேல் அழுத்தும்படி செய்யப்பட்டது.

முதலில் தட்டு

திருத்திய பிளேயரில் முதலில் வைக்க வேண்டியது, போனாலும் கவலையில்லாத ஒரு தட்டு. வீட்டிலிருக்கும் ஒரே பிரதியை அல்ல. தட்டைச் சுத்தம் செய்யும்போது 78 சுற்று அரக்குத் தட்டுகளில் மதுசாரம் கலந்த திரவத்தைப் பாவிக்காதீர்கள், அரக்கு கரைந்துவிடும்.

எங்கள் பெட்டியில் இருந்தது படிகத் தலை. திருத்துநர் சொன்னது சரிதான்; ஆனால் மாற்றுவதற்கும் பொருத்தமான தலை கிடைக்கவில்லை. நல்ல ஊசியுடன் கூடிய பிளேயர் வைத்திருக்கும் நண்பர் ஒருவரின் வீட்டில் நாதஸ்வரத் தட்டை ஒருமுறை ஓடவிட்டு, கணினியில் பதிந்துகொண்டோம். பதிவின் பிரதிகள் இப்போது மூன்று நாடுகளில் இருக்கின்றன. தட்டு உறைக்குள் நிமிர்ந்து நிற்கிறது.

பிளேயரை விற்கலாமா என்று கேட்டதற்குப் பெரியப்பா பதில் சொல்லவில்லை. முன் விறாந்தையில் அதற்கு ஒரு மேசை போட்டிருக்கிறார்.