தேடுபொறி உகப்பாக்கத்தின் வரலாறு: புதிய இணையதளம் கண்ணில் படுவது எப்படி?

1998-ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் உலகளாவிய வலை மாநாடு நடைபெற்றது. அதில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வு மாணவர்களான செர்கே பிரின், லாரி பேஜ் இருவரும் தாங்கள் உருவாக்கிய கூகுள் என்ற தேடுபொறியைப் பற்றி ஒரு கட்டுரை அளித்தனர். அக்கட்டுரையில் போகிறபோக்கில் ஒரு செய்தி வருகிறது. 1997 நவம்பர் நிலவரப்படி, முன்னணியில் இருந்த நான்கு வணிகத் தேடுபொறிகளில் ஒன்று மட்டுமே, அதன் பெயரைக் கொடுத்துத் தேடினால், தன்னை முதல் பத்து முடிவுகளுக்குள் காட்டியது. மற்ற மூன்றுக்கும் தங்களையே கண்டுபிடிக்கத் தெரியவில்லை.

தேடுபொறிகளின் நிலையே இதுவென்றால், நேற்றுத் தொடங்கிய ஓர் இணையதளம் எப்படி மக்கள் கண்ணில் படும்? இக்கேள்விக்கு விடை தேடப்போய் உருவானதே தேடுபொறி உகப்பாக்கம், சுருக்கமாக எஸ்.இ.ஓ. புதிதாகத் தளம் தொடங்குவோருக்கு இன்று இதன் அடிப்படைகள் ஒரு பட்டியலாகச் சொல்லித்தரப்படுகின்றன. பக்கத்துக்குப் பொருத்தமான தலைப்பு வை, திறவுச்சொற்களைத் திணிக்காதே, இணைப்புகளை விலைக்கு வாங்காதே, தளவரைபடம் கொடு, கைபேசியில் திறந்து பார் என்று அப்பட்டியல் நீளும். ஏன் என்று கேட்டால் பதில் அரிதாகவே கிடைக்கும். இந்த விதிகளில் பலவற்றை யாரும் முன்கூட்டியே உட்கார்ந்து வகுக்கவில்லை. ஒரு தரப்பு கண்டுபிடித்த குறுக்குவழியை மறுதரப்பு அடைத்தபோது மிஞ்சியவை அவை. அந்த வரலாற்றைத் தெரிந்துகொண்டால் பட்டியலை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

சொல்லி அனுப்பிய காலம்

வலையின் தொடக்க ஆண்டுகளில் தேடவேண்டிய தேவையே எழவில்லை. வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ, சுவிட்சர்லாந்தின் செர்ன் ஆய்வகத்தில் இருந்தபடி, உலகில் உள்ள வலை வழங்கிகளின் பட்டியலைக் கையாலேயே பராமரித்தார். 1993-இல், மொசைக் உலாவியை உருவாக்கிய அமெரிக்காவின் என்.சி.எஸ்.ஏ. மையம் ‘புதியவை என்ன’ என்ற பொருளில் ஒரு பக்கத்தை நடத்தத் தொடங்கியது. புதுத் தளம் தொடங்கியவர் தகவல் சொல்லி அனுப்பினால் அதில் ஓர் அறிவிப்பு இடம்பெறும்; உலாவுவோர் அதைப் படித்துவிட்டு வந்து பார்ப்பார்கள். கல்யாணப் பத்திரிகை அனுப்புவதைப் போன்ற ஏற்பாடு. ஊர் சிறியதாக இருந்தவரை அது போதுமானதாக இருந்தது.

1994-இல் ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள் ஜெர்ரி யாங், டேவிட் ஃபைலோ தொடங்கிய யாகூ, தளங்களைப் பொருள்வாரியாகப் பிரித்து அடுக்கிய ஓர் அடைவு. ஒரு தளத்தைச் சேர்க்கலாமா என்று மனிதர்களே பார்த்து முடிவு செய்தனர். ஒவ்வொரு பிரிவிலும் தளங்கள் ஆங்கில அகரவரிசையில் நின்றன. இதைக் கண்டுகொண்ட வணிகர்கள் தங்கள் தளப் பெயரை ‘ஏ’ எழுத்தில் தொடங்கினர். சிலர் மூன்று ‘ஏ’ போட்டனர். பட்டியலில் முதலிடம் பிடிப்பதற்கான முதல் குறுக்குவழிகளில் இதுவும் ஒன்று. பின்னாளில் வணிகத் தளங்களைப் பரிசீலிக்க யாகூ 299 டாலர் ஆண்டுக் கட்டணம் கேட்டது. கட்டணமின்றித் தன்னார்வலர்கள் தொகுத்த திறந்த அடைவு 1998-இல் வந்தது. யாகூ அடைவு 2014 இறுதியிலும், திறந்த அடைவு 2017 மார்ச்சிலும் மூடப்பட்டன.

நிரல் வாசிக்கத் தொடங்கியது

1994 ஏப்ரலில் வாஷிங்டன் பல்கலைக்கழக மாணவர் பிரையன் பிங்கர்டன் வெளியிட்ட வெப்கிராலர், பக்கத்தின் தலைப்பை மட்டுமல்லாமல் அதிலுள்ள எல்லாச் சொற்களையும் அட்டவணைப்படுத்தியது. சங்க நூல்களுக்குச் சொல்லடைவு தயாரிப்பவர்கள் எந்தச் சொல் எந்தப் பாட்டில், எந்த அடியில் வருகிறது என்று குறிப்பார்கள் அல்லவா? அதே வேலையை வலைக்குச் செய்தது இந்த நிரல். 1995 டிசம்பரில் டிஜிட்டல் ஈக்விப்மெண்ட் நிறுவனம் வெளியிட்ட ஆல்டாவிஸ்டா, ஒரு கோடிக்கும் மேலான பக்கங்களுடன் தொடங்கியது.

மனிதர் தேர்ந்தெடுத்த இடத்தில் இப்போது நிரல் சொற்களைப் பார்த்தது. ஒரு சொல் அதிகமாக வந்தால் அப்பக்கம் அச்சொல்லைப் பற்றியதாக இருக்கும் என்று அது நம்பியது. நம்பிக்கை மோசமில்லை, ஆனால் ஏமாற்றுவது எளிது. பக்கத்தின் அடியில் ஒரே சொல்லை நூறு முறை எழுதி, வெள்ளைப் பின்னணியில் வெள்ளை நிறம் பூசி மறைத்தார்கள். பக்கம் எதைப் பற்றியது என்று நிரலுக்குச் சொல்வதற்காக ஏற்படுத்தப்பட்ட மெட்டா திறவுச்சொல் குறியில், தங்கள் தளத்துக்குத் தொடர்பே இல்லாத நடிகைகளின் பெயர்களையும் போட்டியாளர்களின் பெயர்களையும் எழுதினார்கள். நேர்மையாக எழுதியவர் பின்னுக்குப் போனார். அக்குறியின் மதிப்பு சரிந்தது. தரவரிசைக்கு அதைப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009 செப்டம்பரில் வெளிப்படையாகவே அறிவித்தது. அதற்குப் பிறகும் அதை நிரப்பிக் கொடுத்துக் கூலி வாங்கியவர்கள் உண்டு.

பெரிய நிறுவனங்களும் இதில் சிக்கின. வருவோருக்கு ஒரு பக்கமும் தேடுபொறிக்குச் சொற்கள் நிரம்பிய வேறொரு பக்கமும் காட்டியதற்காக, பி.எம்.டபிள்யூ. நிறுவனத்தின் ஜெர்மானியத் தளத்தை 2006 பிப்ரவரியில் கூகுள் தன் அட்டவணையிலிருந்து நீக்கியது. தவறு திருத்தப்பட்டபின் சில நாள்களில் சேர்த்துக்கொண்டது. இதே தண்டனை ஒரு புதிய சிறுதளத்துக்குக் கிடைத்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்கவே போவதில்லை.

இணைப்பு என்னும் வாக்கு

பிரிஸ்பேன் கட்டுரை முன்வைத்த பேஜ்ரேங்க் முறை, ஒரு பக்கம் தன்னைப் பற்றிச் சொல்வதைவிடப் பிறர் அதைப் பற்றிச் சொல்வதற்கு அதிக மதிப்பளித்தது. ஓர் இணைப்பு ஒரு வாக்கு. நிறைய வாக்கு பெற்றவர் போடும் வாக்குக்கு மதிப்பு கூடுதல். ஆய்வேடுகளை மேற்கோள்களைக் கொண்டு மதிப்பிடும் கல்வித்துறை வழக்கமே இதற்கு அடிப்படை. பின்னாளில் சீனாவின் பைடு நிறுவனத்தைத் தொடங்கிய ராபின் லீயும் 1996-இல் இதையொத்த ஒரு முறையை உருவாக்கியிருந்தார்.

தேடல் முடிவுகளின் தரம் உயர்ந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் புதிதாக வருபவருக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. நேற்றுப் பிறந்த தளத்துக்கு யார் இணைப்புக் கொடுத்திருப்பார்கள்? முதலிடத்தில் இருப்பதைத்தான் மக்கள் பார்க்கிறார்கள். பார்த்ததற்குத்தான் இணைப்புக் கொடுக்கிறார்கள். இணைப்புப் பெற்றதுதான் மீண்டும் முதலிடத்தில் இருக்கிறது. 2004 வாக்கில், கூகுள் புதிய தளங்களைச் சில மாதம் ‘மணற்பெட்டி’யில் உட்கார வைக்கிறது என்று தளம் நடத்துவோர் பேசிக்கொண்டனர். அப்படி ஒரு பெட்டி இருந்ததோ இல்லையோ, காத்திருப்பு உண்மையானது.

காத்திருக்க விரும்பாதவர்களுக்காக ஒரு சந்தை உருவானது. இணைப்புகள் விலைக்கு வந்தன. பிறருடைய தளங்களின் கருத்துப் பெட்டிகளில் தானியங்கி நிரல்கள் இணைப்புகளைக் கொட்டின. 2005 ஜனவரியில் கூகுள், யாகூ, எம்.எஸ்.என். மூன்றும் சேர்ந்து, ‘இதை வாக்காகக் கொள்ள வேண்டாம்’ என்று சொல்லும் நோஃபாலோ குறியை ஏற்றன. ஆனாலும் சந்தை நிற்கவில்லை. 2011 பிப்ரவரியில் அமெரிக்க வணிக நிறுவனமான ஜே.சி. பென்னிக்கு ஆதரவாக, தொடர்பற்ற எண்ணற்ற தளங்களில் விலை கொடுத்து இணைப்புகள் வைக்கப்பட்டிருந்ததை நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் வெளிக்கொண்டுவந்தது. தங்களுக்கு இது தெரியாது என்றது நிறுவனம். கூகுள் அதைத் தரவரிசையில் கீழே தள்ளியது. மறு ஆண்டு ஏப்ரலில் வந்த பெங்குவின் என்ற மாற்றம் இத்தகைய இணைப்புகளைக் குறிவைத்தது. இன்றும் ஆயிரம் இணைப்புகளைச் சில நூறு ரூபாய்க்குத் தருவதாக மின்னஞ்சல் வரும்போது புதியவர்கள் ஏமாறுகிறார்கள். உள்ளூர்ப் பள்ளியோ நூலகமோ உண்மையாகவே பயன்பட்டதால் கொடுக்கும் ஓர் இணைப்பு அந்த ஆயிரத்தைவிடப் பெரிது.

வாசலும் வரைபடமும்

1994-இல் மார்ட்டின் காஸ்டர் என்ற நெதர்லாந்துக் கணினியாளர், தளங்களுக்குள் எங்கே போகக்கூடாது என்று கிராலர் நிரல்களுக்குச் சொல்லும் ரோபோட்ஸ் கோப்பை முன்மொழிந்தார். கட்டாயமில்லாத ஒரு நாகரிக ஒப்பந்தமாகவே அது நீண்டகாலம் இருந்தது. புதிய தளங்கள் காணாமல் போவதற்கு இன்றும் இந்தக் கோப்பு ஒரு காரணம். தளத்தை உருவாக்கும்போது பாதி வேலையில் யாரும் பார்த்துவிடக்கூடாது என்று அடைத்து வைப்பார்கள். திறப்புவிழா நாளில் அந்தத் தடையை நீக்க மறந்துவிடுவார்கள். கோப்பில் ஒரேயொரு சாய்கோடு முழுத் தளத்தின் வாசலையும் சாத்திவிடும். மாதக்கணக்கில் உள்ளடக்கத்தைத் திருத்திக்கொண்டிருப்பார்கள், கதவு பூட்டியிருப்பது தெரியாமலே.

இதற்கு நேரெதிரானது தளவரைபடம். தளத்தில் என்னென்ன பக்கங்கள் உள்ளன என்ற பட்டியலை நிரலிடம் தரும் இம்முறையைக் கூகுள் 2005 ஜூனில் தொடங்கியது. 2006 நவம்பரில் யாகூவும் மைக்ரோசாஃப்டும் ஏற்றன. இணைப்பே இல்லாத புதிய தளத்துக்கு இது பெரும் உதவி. ஆனால் வரைபடம் கொடுத்தால் நிரல் வரும், அவ்வளவுதான்; மேலே ஏற்றிவிடாது. கைபேசிக்கு ஏற்ற பக்கங்களுக்கு 2015 ஏப்ரலில் முன்னுரிமை வந்தது. 2019 ஜூலை 1 முதல் புதிய தளங்களைக் கூகுள் இயல்பாகவே கைபேசி வடிவத்தைக் கொண்டுதான் வாசிக்கிறது.

தமிழ்த் தளங்கள் மறைந்து கிடந்த காலம்

மேலே சொன்ன போட்டியெல்லாம் நடந்த ஆண்டுகளில் தமிழ்த் தளங்கள் பல களத்திலேயே இல்லை. காரணம் எழுத்துரு. ஈழத் தமிழரிடையே பரவலாக இருந்த பாமினி எழுத்துருவில் ‘தமிழ்’ என்ற சொல், கணினிக்குள் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளாகவும் ஓர் அரைப்புள்ளியாகவும் சேமிக்கப்பட்டது. எழுத்துருவை இறக்கி நிறுவிய வாசகருக்கு அது தமிழாகத் தெரிந்தது. தேடுபொறிக்கோ பொருளற்ற ஆங்கில எழுத்துக்கோவை. தேடுபொறிகள் பொதுவாக நிறுத்தக்குறிகளைச் சொல்லின் எல்லையாகக் கொள்பவை. எனவே மெய்யெழுத்தின் புள்ளி வரும் இடமெல்லாம் சொல் துண்டுபட்டது. ‘அம்மா’ இரண்டு சொல்லானாள்.

இதழ்கள் பலவும் ஆளுக்கொரு எழுத்துருவை வைத்திருந்தன. தமிழறிஞர்களும் கணினியாளர்களும் சேர்ந்து உருவாக்கிய டிஸ்கி, 1999 சென்னை மாநாட்டையொட்டித் தமிழக அரசு ஏற்ற டாம், டாப் ஆகியவை ஒழுங்கைக் கொண்டுவர முயன்றன. ஆனாலும் ஒரே சொல்லுக்குப் பல குறியாக்கம் என்ற நிலை நீடித்தது. ஒன்றில் தேடினால் மற்றொன்றில் உள்ளது கிடைக்காது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களை மின்பதிப்பாக்கிக் கொண்டிருந்தது. திருக்குறளின் ஒரு சொல்லைக் கொடுத்துத் தேடினால் அந்நூல் அகப்படவேண்டும் என்ற எளிய ஆசைக்குக்கூட அப்போது வழியில்லை.

யூனிகோடு 1991-லேயே தமிழுக்கு இடம் கொடுத்திருந்தது. விண்டோஸ் 2000-இல் அதற்கான ஆதரவு வந்தது. 2003-இல் தமிழ் விக்கிப்பீடியா யூனிகோடிலேயே வளரத் தொடங்கியது. 2010 ஜூனில், கோவை செம்மொழி மாநாட்டையொட்டி, தமிழக அரசு யூனிகோடையும் டேஸ்-16 முறையையும் அதிகாரபூர்வத் தரமாக அறிவித்தது. இதழ்கள் ஒவ்வொன்றாக மாறின. அன்று பழைய எழுத்துருவிலிருந்து யூனிகோடுக்கு மாற்றித் தந்த சிறு நிரல்களை எழுதியவர்களை எஸ்.இ.ஓ. வல்லுநர்கள் என்று யாரும் அழைப்பதில்லை. தமிழுக்கு அந்த வேலையை முதலில் செய்தவர்கள் அவர்கள்தாம். மாறாமல் நின்றுபோன தளங்களும், பழைய எழுத்துருவில் பி.டி.எஃப். ஆக்கப்பட்ட இதழ்களும் இன்றும் தேடலுக்குச் சிக்காமல் கிடக்கின்றன.

யூனிகோடிலும் ஓர் இடறல் உண்டு. ‘ஔ’ என்ற உயிரெழுத்துக்குப் பதிலாக ‘ஒ’வையும் ‘ள’வையும் அடுத்தடுத்துத் தட்டினால் கண்ணுக்கு ஏறத்தாழ ஒன்றுபோலவே தெரியும். இதனால் ஔவையார் இணையத்தில் இரண்டு பெயர்களில் வாழ்கிறார். தேடுபொறிகள் சில நேரம் ஊகித்துச் சேர்த்துக் காட்டினாலும், உங்கள் சொந்தத் தளத்தின் தேடல் பெட்டி அப்படிச் செய்யும் என்று நம்ப முடியாது. தலைப்பை வெளியிடுமுன் அச்சொல்லின் முதலெழுத்துக்குப் பின்னால் நின்று பேக்ஸ்பேஸ் விசையை ஒருமுறை அழுத்திப் பாருங்கள். எழுத்து முழுவதும் மறைந்தால் அது ‘ஔ’. ‘ஒ’ மட்டும் மிஞ்சி நின்றால் திருத்தித் தட்டவேண்டும்.