இசைத்தட்டும் ஒரு சான்றே

சென்ற காலத்தை அறிவதற்குக் கல்வெட்டும் செப்பேடும் ஓலைச்சுவடியுமே துணை என்று மாணவர் பலர் எண்ணுகின்றனர். இருபதாம் நூற்றாண்டு நமக்கு மற்றொரு சான்றையும் விட்டுச் சென்றிருக்கிறது. அதுவே ஒலிப்பதிவு. அன்று எழுந்த குரலையும் ஆரவாரத்தையும் அது இன்றும் நம் செவிக்குத் தருகின்றது.

மேல்நாட்டு ராக் இசைக்குழுவினர் தம் பாடல்களைப் பெரும்பாலும் ஒலிப்பதிவுக் கூடங்களிலேயே பதிவு செய்தனர். பிழை நேர்ந்தால் அங்கே மீண்டும் பாடலாம். மக்கள் நிறைந்த அரங்கிலோ அவ்வசதி இல்லை. 1970 பிப்ரவரி 14 அன்று, இங்கிலாந்தில் லீட்ஸ் பல்கலைக்கழக உணவுக்கூடத்தில் 'தி ஹூ' என்னும் குழுவினர் நிகழ்த்திய கச்சேரி அவ்வாண்டே இசைத்தட்டாக வெளிவந்தது. அதில் கேட்கும் கரகரப்பைத் திருத்த வேண்டாம் என்ற குறிப்பு, தட்டின் நடுவில் ஒட்டிய சீட்டிலேயே இருந்தது. குறையை மறைக்காத அந்தத் துணிவே அக்கால அரங்கப் பதிவுகளின்பால் என் மனத்தை ஈர்த்தது.

அவற்றுள் வரலாறு பயிலும் மாணவர் தவறாது கேட்க வேண்டியது ஒன்று உண்டு. 1970 நவம்பரில் கிழக்குப் பாகிஸ்தானைக் கடும் புயல் தாக்கியது, லட்சக்கணக்கானோர் மாண்டனர். அத்துயர் ஆறுமுன்னரே, 1971 மார்ச் 25 இரவு, பாகிஸ்தான் இராணுவம் அங்கே கொடிய அடக்குமுறையைத் தொடங்கியது. உயிருக்கு அஞ்சி இந்திய எல்லைக்குள் வந்த அகதிகளின் தொகை அவ்வாண்டு இறுதிக்குள் ஏறக்குறைய ஒரு கோடி ஆயிற்று. வங்காளியரான சிதார் மேதை ரவி சங்கர் இக்கொடுமையைத் தம் நண்பர் ஜார்ஜ் ஹாரிசனிடம் எடுத்துரைத்தார். பீட்டில்ஸ் குழுவினால் உலகப் புகழ் பெற்றிருந்த ஹாரிசன், சில வாரங்களுக்குள்ளேயே இசைவாணர் பலரைத் திரட்டினார். 1971 ஆகஸ்ட் 1 அன்று, நியூயார்க் நகரின் மாடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில், பகலில் ஒன்றும் இரவில் ஒன்றுமாக இரு கச்சேரிகள் நடைபெற்றன. பாப் டிலன், எரிக் கிளாப்டன், ரிங்கோ ஸ்டார் முதலியோர் அவற்றில் பங்கு கொண்டனர். கேட்க வந்தோர் ஏறத்தாழ 40,000 பேர்.

மூன்று தட்டுகளாக வெளிவந்த அப்பதிவின் முதற்பக்கம் முழுவதும் இந்திய இசைக்கே உரியது. புகை பிடிக்க வேண்டாம் என்று ரவி சங்கர் அவையோரைப் பணிவுடன் வேண்டுகிறார். பின்னர் அவருடைய சிதாரும், அலி அக்பர் கானின் சரோடும், அல்லா ரக்காவின் தபலாவும் சுருதி கூட்டப்படுகின்றன. கூட்டம் அதனையே கச்சேரி என்று எண்ணிக் கைதட்டி ஆரவாரிக்கிறது! சுருதி கூட்டியதையே இவ்வளவு விரும்பினால், வாசிப்பை இன்னும் விரும்புவீர்கள் என்று நம்புவதாக அவர் இன்முகத்தோடு கூறுகிறார். இரு பண்பாடுகள் ஒன்றையொன்று நன்கு அறியாமலே அன்போடு சந்தித்த அக்கணத்தை எந்த அரசு ஆவணம் நமக்குக் காட்டும்? நான் அதனைக் கேட்கும்போதெல்லாம் முதலில் நகைப்பேன். மறுகணம், தட்டின் உறைமேல் வெறும் பாத்திரத்தின் அருகே அமர்ந்திருக்கும் பட்டினிக் குழந்தையின் படம் நினைவுக்கு வந்து நெஞ்சம் கனக்கும்.

எனினும் எந்தச் சான்றையும் ஆராய்ந்தே ஏற்றல் வேண்டும். இரு கச்சேரிகளிலிருந்தும் தேர்ந்தெடுத்த பகுதிகளே ஒரே நிகழ்ச்சிபோல் அத்தட்டில் கோக்கப்பட்டுள்ளன. அதன் பின்வரலாற்றையும் தட்டு கூறாது. நுழைவுச் சீட்டுகளால் கிடைத்த ஏறத்தாழ 2,43,000 டாலர் விரைவிலேயே யுனிசெஃப் என்னும் ஐக்கிய நாடுகள் குழந்தைகள் நிதியத்தைச் சேர்ந்தது. ஆனால் இசைத்தட்டாலும் திரைப்படத்தாலும் வந்த பெருந்தொகை, வரிச்சிக்கலால் பல்லாண்டுகள் முடங்கிக் கிடந்தது. நல்லெண்ணம் மட்டும் போதாது, முறையான ஏற்பாடும் வேண்டும் என்பதற்கு இதனினும் தெளிவான பாடம் வேறில்லை.

1971 டிசம்பர் 16 அன்று அந்நாடு விடுதலை பெற்றது. தட்டு அமெரிக்கக் கடைகளுக்கு வந்ததும் அதே மாதத்தில்தான். கச்சேரி நடந்த நாளில் பங்களாதேஷ் என்னும் பெயரை உலக அரசுகள் ஏற்கவில்லை. அரங்கிலிருந்த இளைஞர்களோ அப்பெயருக்குக் கைதட்டினர். அந்தக் கைதட்டல் தட்டில் இன்றும் ஒலிக்கிறது. மாணவ நண்பர்களே, பழைய இசைத்தட்டு ஒன்றைக் கேட்க நேர்ந்தால், பாட்டோடு நில்லாது, அதன் பின்னே எழும் மக்களின் ஓசைக்கும் சற்றே செவி கொடுங்கள்.