மெத்தைத் துணியும் காற்றுச் சுருளும்

பழைய ஸ்டீரியோ கருவிகளைத் தேடிப்பிடித்துச் செப்பனிட்டுக் கேட்பது கையில் பணமும் பொழுதும் மிகுந்தவர்களின் வேலை என்றோர் எண்ணம் நம்மிடையே நிலைத்துவிட்டது. ஏலத்தில் பெருந்தொகைக்குப் போகும் கருவிகளைப் பற்றிய செய்திகளே கண்ணில் படுவதால் வந்த எண்ணம் அது. 1950களிலும் 60களிலும் அமெரிக்காவில் செய்யப்பட்ட சில ஸ்பீக்கர் பெட்டிகளின் கதை இதற்கு நேர்மாறானது. நடுத்தர வருவாய்க்காரர் வாங்க வேண்டும் என்றே திட்டமிட்டுச் செய்யப்பட்டவை அவை. அறுபது ஆண்டுகள் கழித்தும் அவற்றைச் சில நூறு ரூபாய்ச் செலவில் உயிர்ப்பிக்க முடிகிறதென்றால், அதற்கான காரணம் அவற்றைச் செய்தவரின் மனப்போக்கிலேயே இருக்கிறது என்பது என் கட்சி.

எட்கர் வில்ச்சர் (1917–2011) பொறியியல் படித்தவர் அல்லர். கலை வரலாற்றில் முதுகலைப் பட்டம் பெற்றவர். (என்னைப் போன்ற தமிழ் வாத்தியார்களுக்கு இதில் ஓர் அற்ப மகிழ்ச்சி உண்டு.) இரண்டாம் உலகப்போரில் ராணுவத்தில் இருந்தபோது மின்னணுவியலைக் கற்றுக்கொண்டார். போர் முடிந்ததும் நியூயார்க்கின் கிரீனிச் வில்லேஜ் பகுதியில் ரேடியோ பழுது பார்க்கும் கடை வைத்தார். பிறகு நியூயார்க் பல்கலைக்கழகத்தில் பதிவிசையின் ஒலி குறித்து வகுப்பெடுத்தார்.

அக்காலத்தில் மிருதங்கத்தின் தொப்பி போன்ற தாழ்ந்த ஒலிகளை வீட்டில் ஒழுங்காகக் கேட்க வேண்டுமானால் குளிர்சாதனப் பெட்டி அளவுக்கு ஸ்பீக்கர் பெட்டி தேவைப்பட்டது. ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு முன்னும் பின்னும் அசைந்துதான் ஒலி பிறக்கிறது. அசைந்த கூம்பைத் திரும்ப இழுத்துவர அதன் விளிம்பு விறைப்பாக அமைக்கப்பட்டிருந்தது. தாழ்ந்த ஒலிக்குக் கூம்பு நெடுந்தொலைவு அசைய வேண்டும். அப்போது விறைத்த விளிம்பு சீராக இழுக்காது. ஒலி திரிந்துபோகும். வில்ச்சர் இந்தச் சிக்கலைத் தலைகீழாக்கிப் பார்த்தார். விளிம்பை மிகத் தளர்வாக்கிவிட்டு, பெட்டியைக் காற்றுப் புகாமல் அடைத்துவிட்டால், உள்ளே சிறைப்பட்ட காற்றே சுருள்வில்லாக நின்று கூம்பை இழுக்கும், தள்ளும். உலோகமோ துணியோ தர முடியாத ஒழுங்கு காற்றுக்கு உண்டு. ஆனால் பெட்டி பெரிதானால் காற்றின் பிடி தளர்ந்துவிடும். எனவே பெட்டி சிறியதாக இருந்தே ஆகவேண்டும்! இடமின்மைக்காகச் செய்துகொண்ட சமரசம் அன்று அது.

முதல் மாதிரிக்கு விளிம்பாக அமைந்தது மெத்தை உறைத் துணி. அதை வெட்டுவதற்கான வடிவத்தை வரைந்து கொடுத்தவர், போர்க்காலத்தில் வரைபடக் கலைஞராகப் பணியாற்றிய அவருடைய மனைவி ரோஸ்மேரி. இந்தக் கண்டுபிடிப்பை ஏற்கெனவே தொழிலில் இருந்தவர்களிடம் விற்கப் பார்த்தார் வில்ச்சர், கொள்வாரில்லை. கடைசியில் தம் மாணவர் ஹென்றி க்ளாஸுடன் சேர்ந்து 1954இல் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜில் அக்கௌஸ்டிக் ரிசர்ச் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். ஏ.ஆர். என்பது அதன் சுருக்கம். 1958இல் வந்த ஏ.ஆர்.-3 புகழ்பெற்றது என்றாலும், எனக்கு அதைவிடப் பெரிதாகத் தோன்றுவது 1965இல் வந்த ஏ.ஆர்.-4எக்ஸ். விலை 57 டாலர். மெருகேற்றாத பைன் மரப்பெட்டியாக வாங்கினால் இன்னும் குறைவு. வண்ணம் பூசுவது வாங்கியவர் பாடு.

விளம்பரத்திலும் இவர்கள் போக்கு தனி. ஃபைன் ஆர்ட்ஸ் குவார்ட்டெட் என்ற நால்வர் குழுவை மேடையேற்றினார்கள். பாதி வாசிப்பில் கலைஞர்கள் வில்லை நரம்பில் படாமல் அசைத்தபடி இருக்க, முன்பே பதிவு செய்த ஒலி ஸ்பீக்கரிலிருந்து தொடரும். எந்த இடத்தில் மாறியது என்று அவையினரில் பலருக்குச் சொல்லத் தெரியவில்லை. நியூயார்க்கின் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் ஏ.ஆர். இசையறை ஒன்றும் இருந்தது. யாரும் போய்க் கேட்கலாம். அங்கே எதுவும் விற்கப்படாது. 1965இல் ‘ரீப்ரொடக்‌ஷன் ஆஃப் சவுண்ட்’ என்ற நூலில், ஸ்பீக்கரும் ஆம்ப்ளிஃபையரும் எப்படி வேலை செய்கின்றன என்பதைச் சாதாரண வாசகருக்கு விளங்கும்படி எழுதினார் வில்ச்சர். 1967இல் நிறுவனத்தை டெலிடைனுக்கு விற்றுவிட்டுக் காதுகேட்புக் கருவி ஆராய்ச்சிக்குப் போனார். அதில் கண்டதற்குக் காப்புரிமை கோராமல், ஆய்விதழில் எழுதி எல்லார்க்கும் பொதுவாக்கிவிட்டார். ஒளித்துவைக்கும் பழக்கம் இல்லாத மனிதர். அவர் பெட்டிகளைத் திறப்பவர்க்கும் அது புரியும்.

எங்கள் ஊரில், அமெரிக்காவில் பணியாற்றித் திரும்பிய முதியவர் ஒருவரின் வீட்டுப் பரணில் ஓர் இணை ஏ.ஆர்.-4எக்ஸ் கிடந்தது. பழைய இரும்புக்காரருக்குப் போகவிருந்த அதை நண்பரும் நானும் கேட்டு வாங்கித் திறந்தோம். திருகாணிகளைக் கழற்றினால் உள்ளே ஒரு கூம்பு, ஒரு ட்வீட்டர், ஒரு கெப்பாசிட்டர், ஒரு கம்பிச்சுருள், ட்வீட்டரின் அளவைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு, மிச்சமெல்லாம் பஞ்சு. திருகு பச்சைக் களிம்பேறிக் கிடந்தது. இத்தகைய பெட்டிகளில் ட்வீட்டர் ஊமையாகிவிட்டது என்று தூக்கிப்போடுவதற்குப் பெரும்பாலும் இந்தக் களிம்புதான் காரணம். நுண்ணிய உப்புத்தாளால் தேய்த்ததும் ஒலி வந்துவிட்டது. கெப்பாசிட்டர் ஆண்டுகள் செல்லச் செல்ல மதிப்பு மாறும் பொருள், புதிது போட்டோம். பஞ்சு கண்ணாடி இழையாக இருக்கக்கூடும் என்பதால் மூக்கையும் வாயையும் மூடிக்கொள்வது நல்லது.

துணி விளிம்பு மட்டும் அப்படியே இருந்தது. எழுபதுகளில் துணியை விட்டு நுரைப்பொருளுக்கு மாறினார்கள். அந்த நுரை இருபது ஆண்டுகளுக்குள் பொடிப்பொடியாக உதிர்ந்துபோனது. அதையும் மாற்றலாம், பொறுமை வேண்டும். பழைய துணியோ பிசுபிசுப்பான பூச்சு காய்ந்து காற்று கசிகிறதே தவிரக் கிழிவதில்லை. இங்கேதான் ஆர்வக்கோளாறு கெடுதல் செய்கிறது. கசிவை அடைக்கிறேன் என்று கெட்டியாக உறையும் பசையைப் பூசினால் விளிம்பு விறைத்து, வில்ச்சர் எந்தக் குறையை நீக்கினாரோ அதே குறை திரும்ப வந்து உட்காரும். இன்னும் சிலர் உள்ளிருப்பதை எல்லாம் எடுத்துவிட்டுப் புது ஸ்பீக்கரைப் பொருத்துகிறார்கள். ஏட்டில் செல்லரித்த அடியைத் தன் சொல்லால் நிரப்பி அச்சிடும் பதிப்பாசிரியரின் காரியம் அது. கூம்பை விரலால் மெல்ல உள்ளே அழுத்தி விடுங்கள். ஓரிரு நொடி எடுத்துக்கொண்டு மெதுவாகத் திரும்பினால் பெட்டி காற்றைக் காத்துநிற்கிறது என்று பொருள். சட்டென்று திரும்பினால் எங்கோ கசிவு.

ஏ.ஆர். இசைத்தட்டுச் சுழலியையும் செய்தது. 1961இல் 58 டாலர். சுத்தியலால் பெட்டியைத் தட்டினாலும் ஊசி தாவாது என்று காட்டி விற்றார்கள். மலிவாகக் கிடைத்தால் விடக்கூடாத பொருள்தான், ஆனால் நம் நாட்டில் ஒரு சிக்கல். அதன் மோட்டார் மின்சாரத்தின் அதிர்வெண்ணுக்குக் கட்டுப்பட்டுச் சுழல்வது. அங்கே 60 ஹெர்ட்ஸ், இங்கே 50. 230 வோல்ட்டை 110 ஆக்கும் டிரான்ஸ்ஃபார்மர் அதிர்வெண்ணை மாற்றாது. நிமிடத்துக்கு 33⅓ சுற்ற வேண்டிய தட்டு 28க்கும் குறைவாகவே சுற்றும். சுருதி ஆறுக்கு ஐந்தாக இறங்கும். ஷட்ஜத்துக்கும் சாதாரண காந்தாரத்துக்கும் உள்ள அதே தொலைவு. எம்.எஸ். குரல் யாரோ ஓர் ஆடவர் குரலாகக் கேட்கும். மோட்டாரின் கப்பியை ஐந்துக்கு ஆறு என்ற அளவில் பருமனாக்க வேண்டும். லேத் பட்டறையில் பித்தளையில் கடைந்து தருவார்கள். வேகம் சரிதானா என்று பார்க்கக் கோடிட்ட வட்ட அட்டை ஒன்று போதும். அமெரிக்க அட்டையில் 216 கோடுகள் இருக்கும், நமக்கு 180 கோடு வேண்டும். சுழலும் தட்டின்மேல் அதை வைத்து, பழைய சோக் வைத்த டியூப்லைட் வெளிச்சத்தில் பார்த்தால், வேகம் சரியாக இருக்கும்போது கோடுகள் அசையாமல் நிற்கும்.