கொரிய மாணவரின் ஆங்கிலத் தயக்கம்: ஒரு வரலாற்றுப் பார்வை

கொரிய மாணவர் ஆங்கிலத்தில் பேசத் தயங்குவர் என்பது ஆசிரியர் பலர் கூறும் கூற்று. அதனை அவர்தம் பிறவிக் குணமாகவே கொள்வோரும் உளர். வரலாறு அதற்கு இடந்தரவில்லை.

1882இல் அமெரிக்காவுடன் உடன்படிக்கை செய்துகொண்ட கொரிய அரசு, மறு ஆண்டே மொழிபெயர்ப்பாளரைப் பயிற்றுவிக்கத் 'தொங்முன்ஹக்' என்னும் பள்ளியைத் திறந்தது. 1886இல் அரசு நிறுவிய கல்லூரிக்கு ஹோமர் ஹல்பர்ட் உள்ளிட்ட மூவர் அமெரிக்காவிலிருந்து வந்தனர். பாடங்கள் ஆங்கிலத்திலேயே நடந்தன. அன்று ஆங்கிலம் பேசுதற்குரிய மொழி. 1910இல் ஜப்பான் கொரியாவை இணைத்துக்கொண்ட பின்னர், அது இலக்கணமும் மொழிபெயர்ப்புமாகச் சுருங்கித் தேர்வுப் பாடமாயிற்று. விடுதலைக்குப் பின்னும் தேர்வின் பிடி தளரவில்லை. 1993இல் வந்த புதிய பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு கேட்டல் வினாக்களைச் சேர்த்தது. பேச்சைச் சோதிக்கும் பகுதி அதில் இன்றளவும் இல்லை.

ஆயினும் தேர்வு பாதிக் காரணமே. மறுபாதியைக் கொரிய மொழியிலேயே காண்கிறோம். 'மழை பெய்கிறது' என்று சொல்வதற்கும் கேட்பவர் மூத்தவரா, இளையவரா, நெருக்கமானவரா என அறிந்தாக வேண்டும். வினைமுற்றின் ஈறு அதற்கேற்ப மாறும். (கொங்கு நாட்டுப் பேச்சில் ஒலிக்கும் 'ங்க' இதற்கு ஓரளவு அருகில் வரும்.) ஓராண்டு முன்னே சேர்ந்தவரும் 'சொன்பே', அதாவது மூத்த மாணவர். அவர் முன் பிழைபடப் பேசுதல் இலக்கணப் பிழையோடு நில்லாது. மரியாதைக் குறைவாகவும், முந்திக்கொள்ளுதலாகவும் கொள்ளப்படக் கூடும்.

காங் சு-ஜா 2005இல் வெளியிட்ட ஆய்வு இங்கு நமக்குப் பெரிதும் உதவுகிறது. அமெரிக்காவில் பயின்ற நான்கு கொரிய மாணவரின் உரையாடல்களை ஆராய்ந்த அவர், பேசும் விழைவு நிலையான குணமன்று என்றார். பாதுகாப்புணர்வு, ஆர்வம், பொறுப்புணர்வு ஆகியவை சூழலுக்கேற்பக் கூடியும் குறைந்தும் கணந்தோறும் அதனை உருவாக்குகின்றன. நம் கருத்தைக் கவர்வது மற்றொன்று: தம்மினும் சரளமாகப் பேசும் மற்றொரு கொரியர் உடனிருந்தால் அம்மாணவரின் பாதுகாப்புணர்வு குன்றியது. அஞ்சப்பட்டவர் அயலார் அல்லர்.

தாயகத்து வகுப்பிலோ அனைவரும் கொரியரே. வெளிநாட்டு ஆசிரியரை வரவழைக்க 1995இல் தொடங்கிய அரசுத் திட்டம் வகுப்பின் முன்னே நிற்பவரை மாற்றியது. பக்கத்தில் அமர்ந்திருப்பவரை மாற்றவில்லை. அத்தகைய வகுப்பில் வாய்திறவாத மாணவர்க்குப் பேச்சுத்திறனில் சுழியம் இடுமுன், ஆசிரியர் அவரைத் தனியே அழைத்து ஒருமுறையேனும் பேசவிட்டுக் கேட்டல் வேண்டும்.