நகர்வுகள் யாருக்குச் சொந்தம்?



1834ஆம் ஆண்டு இலண்டனின் வெஸ்ட்மின்ஸ்டர் சதுரங்கக் கழகத்தில் பிரான்சின் லபூர்தொனேயும் பெல்ஃபாஸ்ட்டில் பிறந்த மெக்டொனலும் மாதக்கணக்கில் மோதினர். அவற்றுள் 85 ஆட்டங்கள் இன்றும் நம் கையில் உள்ளன. அருகில் அமர்ந்து ஒவ்வொரு நகர்வையும் எழுதிவைத்த வில்லியம் கிரீன்வுட் வாக்கருக்கே அதற்கு நன்றி கூற வேண்டும். அவர் எழுதாமல் விட்டிருந்தால், அக்காலக் காப்பிக் கடைகளில் ஆடி முடிந்த எண்ணற்ற ஆட்டங்களைப்போல் இவையும் மறைந்திருக்கும். எழுதத் தகுந்தது என்று ஒருவர் கருதிய ஆட்டமே அன்று எஞ்சியது. தோற்றவனின் மோசமான மாலைப்பொழுது அவனோடு வீட்டுக்குப் போய்விட்டது.

பின்னர் நகர்வுகளை எழுதுவது ஆட்டக்காரரின் கடமையாயிற்று. மாவட்டப் போட்டிக்கு மாணவர்களை அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள் அறிந்திருப்பீர்கள்: மாணவன் தன் கையால் எழுதும் குறிப்புத்தாள்கூட அவனுடையதன்று. அனைத்துலகச் சதுரங்கக் கூட்டமைப்பின் விதிப்படி அது போட்டி ஏற்பாட்டாளருக்கு உரியது. தாள்தான் அவருக்குச் சொந்தம். நகர்வுகளை அவராலும் பூட்டிவைக்க முடியவில்லை. 2016இல் நியூயார்க்கில் கார்ல்சனும் கர்யாக்கினும் மோதியபோது, பிற இணையத்தளங்கள் நகர்வுகளை உடனுக்குடன் வெளியிடுவதைத் தடுக்கக் கோரி ஏற்பாட்டு நிறுவனம் நீதிமன்றம் சென்றது. நீதிபதி தடையாணை வழங்க மறுத்துவிட்டார்.

இதற்கிடையில் வாக்கரின் வேலையைக் கணினி ஏற்றிருந்தது. அது களைப்பதுமில்லை, தேர்ந்தெடுப்பதுமில்லை. 2010இல் தொடங்கப்பட்ட லீசெஸ் தளம், 2013 சனவரி முதல் தன்னிடம் ஆடப்பட்ட தரவரிசை ஆட்டங்களை எவரும் இலவசமாகப் பதிவிறக்கும்படி வெளியிட்டு வருகிறது. பல நூறு கோடி ஆட்டங்கள்! ஒவ்வொன்றிலும் பயனர் பெயர், தேதி, நேரம். ஆய்வாளர்களுக்கும் பயிற்றுநர்களுக்கும் இது ஒரு புதையல். நானும் பயன்பெற்றவன்தான்.

புனைபெயர் வைத்துக்கொண்டால் போதாதா என்று கேட்கலாம். 2023 ஏப்ரலில் அஸ்தானாவில் நடந்த உலக வெற்றியாளர் போட்டியைப் பாருங்கள். சீனாவின் திங் லிரனும் ரஷ்யாவின் நெப்போம்னியாச்சியும் மோதிக்கொண்டிருந்த வேளையில், லீசெஸ் தளத்தில் பெயர் தெரியாத இரு கணக்குகள் ஆடிய ஆட்டங்களை இணைய ரசிகர்கள் கண்டெடுத்தனர். உலகப் போட்டி மேசையில் தோன்றிய அபூர்வமான தொடக்க நகர்வுகள் அங்கு முன்பே ஆடப்பட்டிருந்தன. அவை திங்கும் அவருடைய துணைவர் ரிச்சர்ட் ராப்போர்ட்டும் ஆடிய பயிற்சி ஆட்டங்கள் என்று பரவலாகக் கருதப்பட்டது. பல வார உழைப்பு எதிராளியின் பார்வைக்கு வந்துவிட்டது. ஆயினும் 7-7 என்று சமநிலையில் முடிந்த அப்போட்டியை விரைவாட்டத்தில் திங்கே வென்றார். பெயரை மறைத்தாலும் நகர்வு காட்டிக்கொடுக்கிறது. 2021இல் வெளியான ஓர் ஆய்வில், ஒருவரின் 100 ஆட்டங்களைக் கொண்டே ஆயிரக்கணக்கானோரிடையே அவரை 98 விழுக்காடு சரியாக இனங்கண்டது கணினி.

உலக வீரர்களை விடுங்கள். ஆண்டு 5 மாணவன் ஒருவன் பயிற்சிக்காகத் தன் பயனர் பெயரை என்னிடம் தந்தான். முழுப்பெயர், பிறந்த ஆண்டு, பள்ளியின் சுருக்கப் பெயர் எல்லாம் அதிலேயே இருந்தன. அவன் குதிரையைப் பறிகொடுத்த இடங்களைக் குறித்துக்கொண்டு வந்தபோது ஆட்ட நேரங்கள் கண்ணில் பட்டன. பின்னிரவு 1.40. 2.15. எல்லாம் பள்ளி நாள்கள். வகுப்பில் தூங்கி விழுகிறான் என்று அவனைக் கடிந்துகொண்டதும் அதே வாரத்தில்தான்.

பெற்றோரிடம் உடனே சொல்லியிருக்கலாம். மனம் ஒப்பவில்லை. ஆட்டத்தைத் திருத்தத்தானே அவன் பெயரைத் தந்தான்? தனியே அழைத்துக் கேட்டேன். “அம்மாவுக்கு இராத்திரி வேலை, ஐயா. வீட்டில் தூக்கம் வராது,” என்றான். அவனிடம் சொல்லிவிட்டே தாயாரிடம் பேசினேன். அவர் நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. மறுவாரம் முதல் அவன் இரவில் பாட்டி வீட்டில் தங்கத் தொடங்கினான்.

பழைய கணக்கை மூடி, ஊர் பேர் தெரியாத ஒரு புதுப்பெயரில் வேறொன்று திறந்துகொடுத்தோம். பிறர் முன்பே பதிவிறக்கிவைத்துள்ள தொகுப்புகளில் அந்த 1.40 மணி ஆட்டம் அவன் முழுப்பெயரோடு இருக்கும். அதில் அவன் 19ஆம் நகர்வில் அரசியை இழந்திருந்தான்.