அங்கொடையிலிருந்து வாவிக்கரைக்கு: உளப்பிளவு நோயாளர் மீட்சியும் குழுமுறை உளக்கல்வியும்

மருத்துவத்தின் வரலாறு பெரும்பாலும் மருந்துகளின் வரலாறாகவும் மருத்துவமனைகளின் வரலாறாகவுமே எழுதப்பட்டு வந்துள்ளது. நோயுற்றவருக்கும் அவர்தம் வீட்டாருக்கும் நோயைப் பற்றி எடுத்துரைத்தவர் யார், எடுத்துரைத்தது யாது என்னும் வினாக்கள் அவ்வரலாற்றில் அரிதாகவே இடம்பெறுகின்றன. உளப்பிளவு நோயைப் பொறுத்தவரை இவ்வினாக்களே தலையாயவை. இந்நோயுற்றோரை அடைத்துவைத்த காலம் ஒன்றிருந்தது. மருந்தூட்டி அடக்கிய காலம் ஒன்றிருந்தது. அவர்களுக்கு அறிவூட்டி, அவர்களிடமிருந்து அறிவு பெறும் காலம் இன்று அரும்பியுள்ளது. இம்மூன்று காலங்களையும் மட்டக்களப்பு வாவிக்கரையில் நின்று நோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் நோயின் பெயரைக் கருதுதல் தகும். ஜேர்மானிய அறிஞர் கிரேப்பலின் இந்நோயை இளமையிலேயே தோன்றும் அறிவுச்சிதைவு எனக் கொண்டார். சுவிற்சர்லாந்தைச் சேர்ந்த புளூலர் 1908ஆம் ஆண்டில் அப்பெயரை மறுத்து, சிந்தனையும் உணர்வும் செயலும் தம்முள் இசைவிழந்து பிளவுறும் நிலை என்னும் பொருளில் ‘ஸ்கிசோஃப்ரீனியா’ என்னும் பெயரை வழங்கினார். தமிழில் இது உளப்பிளவு நோய் எனவும் மனச்சிதைவு நோய் எனவும் வழங்கும். ஒருவருக்குள் இருவேறு ஆட்கள் வாழ்தல் என்று பலர் கருதுவது பிழையாகும். பிறர்க்குக் கேளாத குரல்கள் கேட்டல், ஆதாரமற்ற ஐயங்களை அசையாது நம்புதல், சிந்தனைத் தொடர்பறுதல், ஊக்கமும் பேச்சும் குன்றுதல் ஆகியன இதன் குறிகளாம். ஆயின் ஊர்வழக்கில் இவையாவும் ‘விசர்’ என்னும் ஒரு சொல்லுள் அடங்கிவிடுகின்றன. அச்சொல் நோயைக் குறிப்பதோடு நில்லாது ஆளையும், ஆளோடு அவர் குடும்பத்தையும் குறிப்பதாகிவிடுகின்றது.

குடியேற்ற ஆட்சிக்காலத்தில் உளநோயாளர் பற்றிய கருத்து, பொதுமக்களின் பாதுகாப்பு என்னும் எல்லைக்குள் நின்றது. 1873ஆம் ஆண்டின் சட்டம் நோயாளரைக் காவலில் வைக்கும் முறையையே விரித்துரைத்தது. 1920களில் எழுந்த அங்கொடை மருத்துவமனை, கட்டப்பெற்றுச் சில ஆண்டுகளுக்குள்ளேயே இடநெருக்கடியால் திணறியது. 1930களின் பிற்பகுதியில் இலங்கை வந்த இலண்டன் மோட்ஸ்லி மருத்துவமனையின் எட்வர்ட் மப்பதர், இந்நிலையைக் கண்டு சீர்திருத்தங்களைப் பரிந்துரைத்தார். 1939இல் கொழும்பில் வெளிநோயாளர் சிகிச்சை தொடங்கியமை அக்காலத்து முன்னேற்றங்களுள் ஒன்றாகும்.

மட்டக்களப்பு மக்களுக்கோ அங்கொடை முந்நூறு கிலோமீற்றருக்கு அப்பாலிருந்த இடம். 1928இல் புகையிரதம் மட்டக்களப்பை அடைந்த பின்னரும் அத்தூரம் மனத்தளவிற் குறையவில்லை. தமிழ் மட்டுமே அறிந்த ஒருவர், தம் மொழி வழங்காத சூழலில், உறவினர் எளிதில் வந்து காணவியலாத தொலைவில் வைக்கப்பட்டார். அவர் திரும்பி வந்தாலும் ‘அங்கொடைக்குப் போய் வந்தவர்’ என்னும் பெயர் அவரைத் தொடர்ந்தது. இந்நோய் பற்றி அவரது வீட்டாருக்கு எஞ்சிய பாடம் ஒன்றே: அது மறைக்கவேண்டியது.

எனினும் வாவிக்கரையில் உளநோய்க்கு மறுமொழியே இருக்கவில்லை எனல் பொருந்தாது. எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் அம்மன் கோயிற் சடங்குகளும், தெய்வமேறி வாக்குச் சொல்லும் மரபும், நூல் கட்டுதலும், முஸ்லிம் ஊர்களில் ஓதிப் பார்த்தலும் நெடுங்காலமாக நிலவி வருகின்றன. போர்க்காலத்தில் இங்கு ஆய்வு செய்த மானிடவியலாளர் பற்றீசியா லோறன்ஸ், காணாமற்போனோரின் தாய்மார் வாக்குச் சொல்வோரிடம் சென்று தம் துயரைச் சொல்லியழுததை விரிவாக எழுதியுள்ளார். வெளியிற் பேசவியலாத காலத்தில் பேசுதற்குரிய இடமாகக் கோயில் முற்றம் விளங்கியது. துயருக்கு இது பெருந்துணை. ஆனால் உளப்பிளவு நோய்க்கு இது மட்டும் போதுமோ என்பது வேறு வினா. நோயின் தொடக்கத்திற் சிகிச்சை பெறாது கழியும் மாதங்கள் பின்னைய நலத்தைக் குறைக்கின்றன என்பது ஆய்வுகள் பல காட்டும் உண்மையாகும். 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் தமிழ்நாட்டின் ஏர்வாடியில், தர்கா ஒன்றை நாடிவந்து தங்கியிருந்த உளநோயாளருள் 28 பேர், சங்கிலியாற் பிணிக்கப்பட்டிருந்த நிலையிலே தீக்கிரையாகினர். நம்பிக்கை அவர்களைக் கொல்லவில்லை. அறிவும் கண்காணிப்பும் அற்ற காவலே கொன்றது.

1952இல் பிரான்சு நாட்டில் குளோர்புரோமசின் என்னும் மருந்தின் பயன் கண்டறியப்பட்டமை இரண்டாம் காலத்தின் தொடக்கமாகும். பூட்டிய கதவுகள் திறக்கத் தொடங்கின. ஆனால் வீடு திரும்பியவர்களுட் பலர் மீண்டும் நோயுற்றனர். ஜோர்ஜ் பிறவுண் என்னும் சமூகவியலாளர் 1950களில் இலண்டனில் இதனை ஆராய்ந்தார். ஓயாத குறைகூறல், பகைமை, அளவிறந்த தலையீடு ஆகியன மிக்க வீடுகளுக்குத் திரும்பியோரே மிகுதியும் மீள நோயுறுகின்றனர் என்பது அவரும் அவர் வழி வந்தோரும் கண்ட முடிபு. மருந்து உடலுக்குள் வேலை செய்கின்றது. வீட்டாரின் பேச்சு மருந்துக்கு வெளியே வேலை செய்கின்றது.

இவ்விடத்தில் நம் பிரதேசத்தின் பங்களிப்புக் குறிப்பிடத்தக்கது. 1950களில் அமிர்தசரஸ் உளநல மருத்துவமனையில் வித்யாசாகர் என்னும் மருத்துவர், நோயாளரின் உறவினரைக் கூடாரங்களில் தங்கவைத்து, அவர்களோடு நாள்தோறும் கூடியிருந்து நோயைப் பற்றி உரையாடினார். 1957இல் தொடங்கிய வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் உளநல நிலையமும் உறவினர் உடனிருப்பதைச் சிகிச்சையின் அங்கமாக்கியது. 1980இல் அமெரிக்காவில் கரொல் அண்டர்சனும் அவர்தம் துணைவரும் ‘உளக்கல்வி’ என்னும் பெயரில் ஒரு முறையை வகுத்துரைப்பதற்கு முன்னரே, அதன் உயிர்நிலை இங்கு செயலில் இருந்தது எனலாம். பெயர் மேலைநாட்டினது, பழக்கம் நமக்குப் புதிதன்று.

இலங்கையின் பெயரும் இவ்வாராய்ச்சியில் இடம்பெற்றது. நான்சி வக்ஸ்லர் என்பவர் இந்நாட்டில் 44 நோயாளரை ஐந்தாண்டுகள் தொடர்ந்து நோக்கி, அவர்களது நிலை மேலைநாட்டு நோயாளரினும் நன்றாயிருந்தது என 1979இல் எழுதினார். குடும்பமும் ஊரும் நோயாளரை ஒதுக்காது ஏற்பதே காரணம் என்று அவர் விளக்கினார். ஒன்பது நாடுகளில் உலகச் சுகாதார நிறுவனம் நடாத்திய ஆய்வும் இக்கருத்துக்கு வலுவூட்டியது. இதனால் ‘நம் சமூகத்தில் இந்நோய் தானே ஆறும்’ என்னும் ஓர் ஆறுதல் பிறந்தது. ஆயின் 2008இல் அலெக்ஸ் கோகன், விக்ரம் படேல், தாரா முதலியோர் இவ்வாறுதலை ஐயுற்று எழுதினர். நாடுகளிடையே மட்டுமன்றி ஒரு நாட்டினுள்ளேயே விளைவுகள் பெரிதும் வேறுபடுகின்றன என அவர்கள் சுட்டினர். குடும்பத்தின் அன்பு ஒரு வளம். ஆனால் வளம் தானே விளைச்சலாகிவிடாது.

குழுமுறை உளக்கல்வி அவ்வளத்தைப் பயிர்செய்யும் முறையாகும். ஒத்த நோயுற்ற எட்டுப் பத்துப் பேர், அல்லது அவர்தம் வீட்டாரும் உடனாக, பயிற்சி பெற்ற ஒருவரின் துணையோடு வாரந்தோறும் கூடுகின்றனர். நோயின் குறிகள், மருந்தின் பயனும் பக்கவிளைவும், மீள நோயுறுவதற்கு முன் தோன்றும் அறிகுறிகள், உறக்கம், வேலை, வீட்டாரோடு பேசும் முறை ஆகியன அங்கு பேசப்படும். 2011இல் வெளிவந்த மதிப்பாய்வு ஒன்று, 44 ஆய்வுகளிற் பங்குபற்றிய 5142 பேரின் விபரங்களைத் தொகுத்து, உளக்கல்வி பெற்றோரிடையே மருந்தைக் கைவிடுதலும் மீள நோயுறுதலும் குறைந்தமையை எடுத்துக்காட்டியது.

ஆயினும் மருந்தை ஒழுங்காக உட்கொள்ளல் மட்டுமே மீட்சியாகாது. 1993இல் வில்லியம் அன்தனி என்பவர், நோய்க்குறிகள் முற்றும் நீங்காத நிலையிலும் பொருளுள்ள வாழ்வொன்றைத் தாமே அமைத்துக்கொள்ளலே மீட்சி என வரைவிலக்கணம் கூறினார். தொடர்பு, நம்பிக்கை, தன்னடையாளம், வாழ்வின் பொருள், தன்னாளுமை என்னும் ஐந்தனையும் அதன் கூறுகளாக 2011இல் இலண்டன் ஆய்வாளர் தொகுத்தனர். குழுவின் சிறப்பு இங்கேதான் புலனாகின்றது. ‘உமக்குக் கேட்கும் குரல் நோயின் விளைவு’ என்று மருத்துவர் கூறுவது ஒன்று. ‘எனக்கும் கேட்டது, நான் வயலுக்குப் போகத் தொடங்கிய பின் அதைப் பொருட்படுத்துவதில்லை’ என்று அருகிலிருப்பவர் கூறுவது வேறொன்று. முன்னையது அறிவு, பின்னையது அறிவோடு நம்பிக்கை.

மட்டக்களப்பில் இதற்கான அடித்தளம் பேரிடர் ஒன்றின் பின்னரே விரிந்தது. 2004 டிசம்பர் 26ஆம் நாளின் ஆழிப்பேரலை நாவலடி, கல்லடி முதலிய கரையோர ஊர்களை அழித்தது. அப்போது மாவட்டத்தின் உளமருத்துவராயிருந்த எம். கணேசனும் அவர்தம் குழுவினரும், நெருக்கடிகாலப் பணியோடு நில்லாது, நிலையான சமூக உளநலச் சேவையைக் கட்டியெழுப்ப முயன்றனர். உளசமூகப் பணிகளை இங்கு ஒருங்கிணைத்தோருள் ஒருவரான ஆனந்த கலப்பத்தி 2008இல் மக்சேசே விருது பெற்றார். 2005இல் தேசிய உளநலக் கொள்கை ஏற்கப்பட்டு, அங்கொடையை மையமாகக் கொண்ட முறையினின்று மாவட்டந்தோறும் சேவை என்னும் முறைக்கு நாடு திரும்பியது. ஆழிப்பேரலைக்கு முன் 10 மாவட்டங்களில் மட்டுமிருந்த உளநலச் சேவைக் கட்டமைப்பு 20 ஆகப் பெருகியதென 2013இல் உலகச் சுகாதார நிறுவனம் பதிவு செய்தது.

இவ்வடித்தளத்தின் மீது எழும் குழு, வாவிக்கரையின் இயல்பை உணர்ந்ததாதல் வேண்டும். இங்கு பெண்ணுக்கு வீடு சீதனமாக வழங்கப்படுகின்றது. மணமகன் பெண்வீட்டில் வந்து வாழ்கின்றான். தாயும் பெண்மக்களும் அயலயலாக வாழ்கின்றனர். ஆகவே பராமரிப்பின் சுமை பெரும்பாலும் தாய், சகோதரியர் மீதே விழும். அதே வேளை நோயுற்ற பெண்ணொருத்திக்குத் தன் பெயரில் ஒரு கூரை உண்டு என்பது சிறிய காப்பன்று. இவ்விரண்டையும் அறியாத உளக்கல்வி நூற்பாடமாகவே முடியும். நகரில் மட்டும் கூடும் குழு படுவான்கரைக்கு எட்டாது. 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்படும் வரை அங்குள்ளோருட் பலர் தோணியையும் பாதையையும் நம்பியே வாவியைக் கடந்தனர் என்பதை நினைவுகூர்தல் நன்று. விதைப்பும் அறுவடையும் நிகழும் வாரங்களில் எவரும் வரார். குழுவின் நாட்காட்டி வயலின் நாட்காட்டியோடு இசையவேண்டும்.

இங்கு ஓர் ஐயம் எழலாம். கோயிலுக்குச் செல்வோரைத் தடுத்து, மருத்துவத்தை மட்டுமே உண்மையெனப் போதிப்பதன்றோ இக்கல்வி? அவ்வாறாயின் அது தோற்கும், தோற்பதே முறை. நோயாளரின் நம்பிக்கையை இகழ்ந்து தொடங்கும் பாடம், அவரது பேச்சைப் பறிப்பதில் பழைய காவற்கூடத்தினின்றும் வேறுபடாது. சடங்கிற் கலந்துகொள்ளலும் மாத்திரை உட்கொள்ளலும் ஒன்றையொன்று விலக்குவனவல்ல. கட்டுதலும் அடித்தலும் பட்டினியிடலும் தவிர்க்கப்படவேண்டும். மருந்தை நிறுத்துமாறு எவர் கூறினும் மருத்துவரைக் கேட்டறியவேண்டும். இவ்விரு எல்லைகளுக்குள் குழு எதனையும் திறந்து பேசலாம்.

மற்றொரு இடர் இதனினும் நுண்மையானது. மீட்சி என்னும் சொல், சேவைகளைக் குறைப்பதற்கான சாக்காகிவிடக் கூடும். ‘தாமே மீள்வர்’ என்று கூறி மருத்துவரையும் மருந்தையும் தொழில்வாய்ப்பையும் வழங்காதிருத்தல் மீட்சியன்று, கைவிடலே. உளப்பிளவு நோயாளர் 282 பேரிடையே தமிழ்நாடு உட்பட இந்தியாவின் மூன்று இடங்களில் நிகழ்ந்து 2014இல் வெளிவந்த ஆய்வு, வழமையான சிகிச்சையோடு சமூகப் பணியாளரின் பராமரிப்பும் சேர்ந்தபோது இயலாமை ஓரளவு குறைந்ததைக் காட்டியது. பயன் பேரளவினதன்று, ஆயினும் மருந்தும் மனிதத் துணையும் இணைந்தபோதே அது கிடைத்தது.

அடைத்துவைத்த காலம் நோயாளரைப் பற்றி எழுதியது. மருந்தின் காலம் நோயாளரிடம் பேசியது. இனிவரும் காலம் நோயாளர் பேசுவதைக் கேட்கவேண்டும். அங்கொடையின் மதில்கள் வாவிக்கரை மனிதரின் வாழ்வினின்று விலகிவிட்டன. அவர்தம் வீட்டு முற்றத்தில், அயலார் நாவில் இன்னும் நிற்கும் மதில் ‘விசர்’ என்னும் ஒரு சொல். அதனை இடிக்கும் பணி மருத்துவருக்கு மட்டுமுரியதன்று; கற்றோர் அனைவருக்கும் உரியதாகும்.