வெளியேறிய பின்: ஆர்செப் விலகலும் திண்டுக்கல் வட்டாரத் தொழில்களும், 2019–2025

2019 நவம்பர் 4 அன்று பாங்காக்கில் கூடிய மாநாட்டில், பிராந்திய விரிவான பொருளாதாரக் கூட்டுறவு எனப்படும் ஆர்செப் ஒப்பந்தத்தில் இந்தியா சேராது என்று பிரதமர் நரேந்திர மோடி அறிவித்தார். அதற்கு அவர் சொன்ன காரணங்களில் ஒன்று, காந்தி விட்டுச்சென்ற அளவுகோல். எந்தக் காரியத்திலும் இறங்குமுன், நாம் கண்டவர்களிலேயே மிக ஏழையானவருக்கு அதனால் பயன் உண்டா என்று கேட்டுப் பார்க்கச் சொல்வது அது. ஏழு ஆண்டுப் பேச்சுவார்த்தையை முடித்துவைக்கச் சுங்கவரிக் கணக்கோடு காந்தியும் துணைக்கு அழைக்கப்பட்டார்.

அந்த அளவுகோலை வைத்துப் பார்க்க, டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் 1947இல் தொடங்கிய காந்திகிராமத்தைச் சுற்றியுள்ள வட்டாரம் பொருத்தமான களம். ஒட்டினாற்போல் சின்னாளபட்டித் தறிகள். வடக்கே திண்டுக்கல் பூட்டுப் பட்டறைகள். அதற்கும் அப்பால் கரூர் சாலையில் வேடசந்தூர் நூற்பாலைகள். மேற்கே கீழ்ப்பழனி மலைச்சரிவில் தாண்டிக்குடி, பண்ணைக்காட்டு மிளகும் காப்பியும். உலகச் சந்தையின் ஏற்ற இறக்கம் இந்த ஊர்களுக்குப் புதிதல்ல. வெள்ளையர் காலத்தில் திண்டுக்கல் சுருட்டு கடல் கடந்து போனது. ஸ்பென்சர் நிறுவனத்துக்கு இங்கே சுருட்டு ஆலையே இருந்தது. பேரரசின் சந்தை போனதும் அந்த வணிகமும் சுருங்கியது.

முதலில் ஒரு தெளிவு. பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகியதும் இந்தியா ஆர்செப்பை விட்டு விலகியதும் ஒரே வகையல்ல. பிரிட்டன் உறுப்பினராக வாழ்ந்துவிட்டு வெளியேறிய நாடு. இந்தியா கையெழுத்தே போடவில்லை. 2012 நவம்பரில் ஃப்னாம் பென்னில் தொடங்கிய பேச்சில் ஆசியான் நாடுகள் பத்து, சீனா, ஜப்பான், தென்கொரியா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, இந்தியா எனப் பதினாறு நாடுகள் இருந்தன. கடைசிக் கட்டத்தில் இந்தியா கேட்டவற்றுள் முக்கியமானவை மூன்று. வரிக்குறைப்புக்கு 2014ஐ அடிப்படை ஆண்டாகக் கொள்ளக்கூடாது. இறக்குமதி அளவு மீறினால் தானாகவே பாதுகாப்பு வரி விழ வேண்டும். ஒரு நாட்டின் சரக்கு இன்னொரு நாட்டின் பெயரில் நுழையாதபடி உற்பத்தியிட விதிகள் இறுக வேண்டும். கேட்டபடி கிடைக்கவில்லை. 2018–19இல் மற்ற பதினைந்து நாடுகளுடனான வணிகப் பற்றாக்குறை சுமார் 10,500 கோடி டாலர். அதில் பாதிக்கு மேல், சுமார் 5,357 கோடி, சீனாவுடன் மட்டுமே. இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு கையெழுத்திட எந்த அரசும் தயங்கியிருக்கும்.

உள்நாட்டு அரசியல் அன்று விசித்திரமான அணியைக் கண்டது. சுதேசி ஜாக்ரண் மஞ்ச், இடதுசாரிக் கட்சிகள், காங்கிரஸ், விவசாயிகள் சங்கங்கள், அமுல் உள்ளிட்ட பால் கூட்டுறவுகள் ஆகியவை எல்லாம் ஒரே பக்கம். நியூசிலாந்துப் பால்பவுடர் வந்தால் இரண்டு மாடு வைத்திருப்பவர் என்ன ஆவார் என்ற கேள்விக்கு ஆதரவாளர்களிடம் பதில் இல்லை. அறிவிப்பு வந்ததும் வெற்றி தங்களுடையதே என்று எல்லாரும் உரிமை கொண்டாடினார்கள். எல்லாரும் வென்றுவிட்டதாலோ என்னவோ, விலகலுக்குப் பின் என்ன செய்வது என்ற விவாதம் நடக்கவேயில்லை. அடுத்த ஆண்டு மே மாதத்தில் தற்சார்பு முழக்கமும் ஜூனில் கல்வான் மோதலும் வந்தன. அதன்பின் ஆர்செப் பற்றிப் பேசுவதே சீன ஆதரவு போல ஆகிவிட்டது.

ஆனால் நாம் விலகியது எதிலிருந்து? பதினைந்து நாடுகளில் பன்னிரண்டுடன் இந்தியாவுக்கு அதற்கு முன்பே தடையற்ற வணிக உடன்பாடு இருந்தது. ஆசியானுடனும் தென்கொரியாவுடனும் 2010 முதல், ஜப்பானுடன் 2011 முதல். ஆஸ்திரேலியாவுடன் 2022 டிசம்பரில் ஓர் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. நியூசிலாந்துடனான பேச்சு பாலை விலக்கிவைத்துவிட்டு 2025 டிசம்பரில் முடிந்ததாக அறிவிக்கப்பட்டது. மிச்சம் சீனா ஒன்றே. ஆகவே ஆர்செப் விலகலின் பொருளியல் உள்ளடக்கம், நடைமுறையில், சீனாவுக்கு வரிச்சலுகை தர மறுத்தது என்ற ஒரே வரிக்குள் அடங்கிவிடும்.

அந்த மறுப்பு சீனச் சரக்கை நிறுத்தியதா? 2020–21இல் சுமார் 4,400 கோடி டாலராக இறங்கிய சீனப் பற்றாக்குறை, அடுத்த ஆண்டே 7,300 கோடியைத் தாண்டியது; 2024–25இல் 9,920 கோடியைத் தொட்டது. சேர்ந்திருந்தால் இன்னும் கூடியிருக்கும் என்று வாதிடலாம். அதில் நியாயமும் உண்டு. ஆனாலும் வரிச்சுவர் மட்டும் காவல் காக்கும் என்ற நம்பிக்கை இந்த எண்களோடு ஒத்துப்போகவில்லை. வருபவற்றில் பெரும்பங்கு மின்னணுப் பாகங்கள், இயந்திரங்கள், வேதிப்பொருள்கள். இவை நம் ஆலைகளே விரும்பி வாங்கும் உள்ளீடுகள்.

திண்டுக்கல் வட்டாரத்துக்குக் கசப்பான அனுபவம் ஆர்செப்புக்கு முந்தையது. மிளகை எடுத்துக்கொள்வோம். ஆசியான் ஒப்பந்தத்தில் மிளகு தனிப்பட்டியலில் இருந்தது. வரி 70 விழுக்காட்டிலிருந்து படிப்படியாக 50க்குத்தான் இறங்கியது. எனவே வியட்நாம் மிளகு நேர்வழியில் வந்தால் கட்டுபடியாகாது. இலங்கையிலிருந்தோ, 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த இருதரப்பு ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 2,500 டன் வரியின்றியும் அதற்கு மேல் சார்க் நாடுகளின் சாஃப்டா உடன்பாட்டின்கீழ் 8 விழுக்காட்டு வரியிலும் கொண்டுவரலாம். வியட்நாம் மிளகு கொழும்பு வழியாக இலங்கைச் சான்றிதழோடு வருகிறது என்று தோட்டக்காரர்கள் ஆண்டுக்கணக்கில் முறையிட்டார்கள். 2017 டிசம்பரில்தான் கிலோவுக்கு 500 ரூபாய் குறைந்தபட்ச இறக்குமதி விலை நிர்ணயமானது. ஒப்பந்தத்தின் வரி அட்டவணையைவிட அதன் உற்பத்தியிட விதியே சிறு விவசாயியின் தலையெழுத்தைத் தீர்மானிக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம். பாங்காக்கில் இந்தியா அந்த விதியை வற்புறுத்தியது சரியே.

பூட்டின் கதை வேறு. பாங்காக் அறிவிப்புக்கு மூன்று மாதம் முன்பு, 2019 ஆகஸ்டில், திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. தகட்டை வெட்டி, லீவர்களை ஒவ்வொன்றாக அரத்தால் ராவி, சாவியின் பல்லை அவற்றுக்கு இசைத்துச் செய்யும் கைவேலை அது; ஒரு பூட்டின் சாவி இன்னொன்றுக்குச் சேராது என்பதே அதன் பெருமை. இந்த வேலைக்குக் கூலி கொடுத்துவிட்டு அலிகார் இயந்திரப் பூட்டோடு விலையில் போட்டியிட முடியாது. சீனப் பூட்டு வருவதற்கு முன்பே தொடங்கிய சரிவு இது. கோயிலுக்கும் கிடங்குக்கும் பெரிய பூட்டு கேட்டு வருபவர்கள் இருக்கும்வரை பட்டறை நடக்கும். ஆர்செப்பில் சேர்ந்திருந்தாலும் சேராவிட்டாலும் இங்கே மாறியிருப்பது கொஞ்சமே.

நூற்பாலைகளில்தான் விலகலின் பின்விளைவைக் கூர்ந்து பார்க்க வேண்டும். விலகி வந்த அரசு, காப்பாற்ற வேறு கருவிகளைத் தேடியது. 2021 பிப்ரவரி பட்ஜெட்டில் பஞ்சு இறக்குமதிக்குச் சுமார் 11 விழுக்காடு வரி விழுந்தது. அடுத்த ஆண்டே கண்டி, அதாவது 356 கிலோ, ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. நூல் விலை ஏறியதைக் கண்டித்து 2022 மே 16, 17 தேதிகளில் திருப்பூர் கடையடைத்தது. அதற்கு ஒரு மாதம் முன்பே வரியைத் தற்காலிகமாக நீக்கியிருந்தார்கள். பயனில்லை, வெளிநாட்டுப் பஞ்சு கப்பலேறி வந்து சேரவே மாதங்கள் ஆகும். பருத்தி விவசாயிக்குக் காவல் என்று போட்ட வரி, விளைச்சல் போதாத ஆண்டில் ஆலைக்கும் ஆலைத் தொழிலாளிக்கும் சுமையானது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 விழுக்காடு வரி விதித்தபோது மறுபடியும் அதே வரி அவசரமாக விலக்கப்பட்டது. ஆக, இது கொள்கையின் பெயரில் நடந்த சமாளிப்பு.

பஞ்சு கட்டுபடியாகாத ஆலைகள் விஸ்கோஸுக்கு மாறின. அங்கே இன்னொரு கதவு சாத்தப்பட்டது. 2023 மார்ச் 29 முதல் விஸ்கோஸ் இழைக்குத் தரக் கட்டுப்பாட்டு ஆணை நடைமுறைக்கு வந்தது; இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் சான்று பெறாத வெளிநாட்டு ஆலையின் இழை நுழைய முடியாது. இந்தோனேசியா ஆசியான் ஒப்பந்த நாடு. வரி இல்லாமல் வந்துகொண்டிருந்த அதன் இழையும் சான்றிதழ் வாசலில் நின்றது. உள்நாட்டிலோ இழை உற்பத்தி பெரும்பாலும் ஒரே பெருநிறுவனத்தின் கையில் இருக்கிறது. நூற்பவர்கள் பலர், இழை விற்பவர் ஒருவர் என்றால் பேரம் யார் பக்கம் சாயும்? 2025 நவம்பரில் ஆணை திரும்பப் பெறப்பட்டது. இடைப்பட்ட இரண்டரை ஆண்டுகளில் பாதுகாக்கப்பட்டது யார் என்று காந்தியின் அளவுகோலைக் கொண்டு கேட்டால், விடை வேடசந்தூரில் ஷிப்டு முடிந்து மில் வேன் ஏறும் பெண்ணாக இருக்காது.

சின்னாளபட்டிக்கு வந்த நெருக்கடியும் ஆர்செப்பால் வந்ததல்ல. 1985ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் பதினொரு ரகங்களைக் கைத்தறிக்கு ஒதுக்கியிருந்தும், விசைத்தறிப் போலிகளே முதல் எதிரி. இரண்டாவது, நூல் விலை. வெளிநாட்டுத் துணி வருவது சீனாவிலிருந்து நேராக மட்டுமல்ல. பின்தங்கிய நாடு என்ற சலுகையில் வங்கதேச ஆடைகளுக்கு 2011 முதல் இந்தியாவில் வரி இல்லை. அவற்றில் சீனத் துணி கலந்திருக்கிறது என்பது தொழில் துறையினரின் நெடுநாள் குறை. 2025 மே மாதத்தில் தரைவழி வரத்தைத் தடுத்தார்கள். அதற்குக் காரணம் டாக்காவுடனான அரசியல் கசப்பு. நெசவாளரின் முறையீடு அல்ல.

ஏற்றுமதிப் பக்கம் நேர்ந்த இழப்பு பேசப்படுவதே இல்லை. ஜப்பானில் இந்திய ஆடைக்கு 2011 முதல் வரி கிடையாது. சீன ஆடைக்கு இருந்தது. அந்த முன்னிலையை நாம் சரிவரப் பயன்படுத்தவில்லை. 2022 ஜனவரி 1 அன்று ஆர்செப் நடைமுறைக்கு வந்தது. சீனாவும் ஜப்பானும் ஒன்றாகச் சேர்ந்த முதல் தடையற்ற வணிக ஒப்பந்தம் அது. சீன ஆடை மீதான ஜப்பானிய வரி இப்போது படிப்படியாகக் கரைகிறது. நாம் உள்ளே இருந்திருந்தாலும் அது கரைந்திருக்கும். ஆனால் அதற்குள் ஜப்பானியச் சந்தையில் கால் ஊன்றக் கிடைத்த பத்தாண்டு வீணானது நம் தவறு.

வரிக்கு அப்பாலும் சந்தைக்கு நிபந்தனைகள் உண்டு என்பதை இம்மாவட்டமே உலகுக்குக் காட்டியது. ஓர் ஆடைத் தொழிற்சாலையில் பெண் தொழிலாளர்கள் அனுபவித்த பாலியல் துன்புறுத்தலை அடுத்து, தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கமும் எச் அண்ட் எம், கேப், பிவிஎச் ஆகிய வாங்கும் நிறுவனங்களும் 2022இல் கையெழுத்திட்ட உடன்பாட்டுக்குத் ‘திண்டுக்கல் ஒப்பந்தம்’ என்றே பெயர். எந்த வணிகக் கூட்டமைப்பும் தராத உரிமையை ஒரு தொழிற்சங்கம் பெற்றுத் தந்தது.

2024 நவம்பரில் நிதி ஆயோக்கின் தலைமைச் செயல் அலுவலர் பி.வி.ஆர். சுப்ரமணியம், இந்தியா ஆர்செப்பில் சேர்ந்திருக்க வேண்டும் என்று வெளிப்படையாகச் சொன்னார். வணிக அமைச்சர் பியூஷ் கோயல் தரப்பு அதை ஏற்கவில்லை. இந்தியா இணைவதற்கான வழி ஒப்பந்தத்தில் இன்றும் திறந்தே இருக்கிறது. என் கணிப்பில், பால் துறையைக் காத்ததாலும் சீனாவுக்குச் சலுகை மறுத்ததாலும் 2019 முடிவு தவறானதல்ல. அதனால் கிடைத்த அவகாசத்தை இழை உற்பத்தியாளர்களுக்குக் கொடுத்துவிட்டு நூற்பவரையும் நெய்பவரையும் காத்திருக்கவைத்ததுதான் தவறு. ஆசியான் ஒப்பந்தத்தை மறுஆய்வு செய்யும் பேச்சு நடந்துவருகிறது. மிளகும் விஸ்கோஸ் இழையும் அந்த ஒப்பந்தத்தின்கீழ் வருபவை. தில்லியில் அட்டவணை முடிவாகுமுன் தாண்டிக்குடித் தோட்டக்காரர்களையும் வேடசந்தூர் ஆலைத் தொழிலாளர்களையும் சின்னாளபட்டி நெசவாளர் சங்கங்களையும் அழைத்து விசாரிக்க மாவட்ட நிர்வாகமும் காந்திகிராமப் பல்கலைக்கழகமும் முன்வர வேண்டும்.